கல்லுக்கு எதிரே ஒரு திரை: வாசகர் கேள்விகள்

அப்பா திண்டுக்கல்லில் 12 மேசைகள் கொண்ட சிற்றுண்டிக் கடை நடத்தினார். பள்ளி விட்டு வந்ததும் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முடிந்துபோன ஆர்டர் சீட்டுகளைக் கம்பியில் குத்துவது என் வேலை. இப்போது கோயம்புத்தூரில் இருந்துகொண்டு, உணவகச் சமையலறைகளுக்கு ஆர்டர் காட்டும் திரைகளை வடிவமைக்கிறேன். போன இதழில் இந்தத் திரைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எங்கள் சைவ உணவகத்தில் தை மாதம் சமையலறைக்குள் மூன்று திரைகள் வைத்தோம். தோசை மாஸ்டர் திரையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சப்ளையர் வந்து வாயால் சொன்னால்தான் கல்லில் மாவு விழுகிறது. 20 வருட அனுபவம் உள்ளவர், கடிந்து பேசவும் மனம் வரவில்லை. அவரை எப்படிப் பழக்குவது?
(உணவக உரிமையாளர், ஈரோடு)

அவரைப் பழக்க வேண்டாம். திரையை மாற்றுங்கள்.

நீங்கள் அனுப்பிய புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். திரை முழுவதும் மேசை வாரியாகக் கட்டங்கள். 4ஆம் மேசைக்கு ஒரு மசாலா தோசை, இரண்டு இட்லி, ஒரு காபி. 7ஆம் மேசைக்கு ஒரு நெய் ரோஸ்ட், ஒரு பூரி. இப்படி எட்டுக் கட்டங்கள். இட்லியும் காபியும் தோசை மாஸ்டர் கண்ணில் ஏன் பட வேண்டும்? எட்டுக் கட்டங்களிலும் சிதறிக் கிடக்கும் தோசைகளை அவரே பொறுக்கி, மனத்துக்குள் வகை பிரித்து, கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சப்ளையர் அப்படியா சொல்கிறார்? "நாலு மசாலா, ரெண்டு நெய், ஒரு ஊத்தப்பம்" என்று கூட்டித்தான் சொல்கிறார். மாஸ்டர் சப்ளையரை நம்புவதில் ஒரு தவறும் இல்லை.

நான் முதன்முதலில் செய்து கொடுத்த திரையும் இதே மாதிரிதான் இருந்தது. கரூர் பக்கம் நெடுஞ்சாலையோர உணவகம் ஒன்று. முதல் வாரமே மாஸ்டர் திரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். என்ன குறை என்று தெரியாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை 6 மணியிலிருந்து 9 மணி வரை கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றேன். அந்த மூன்று மணி நேரத்தில்தான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டேன்.

நாலடி நீளக் கல். தண்ணீர் தெளிக்கிறார், சீறுகிறது, தென்னந்துடைப்பத்தால் ஒரு இழுப்பு. இடப்பக்கம் தொடங்கி ஆறு வட்டம் மாவு ஊற்றுகிறார். ஆறாவதைத் தேய்த்து முடிக்கும்போது முதலாவதன் ஓரம் சிவக்கத் தொடங்கிவிடுகிறது. எண்ணெய், மசாலா, மடிப்பு, தட்டு. இந்த ஓட்டத்துக்கு நடுவே அவர் தலை நிமிரவே இல்லை. ஆறும் இறங்கி, மறுபடி தண்ணீர் தெளித்துத் துடைக்கும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில் மட்டும்தான் நிமிர்கிறார். அப்போது அவருக்கு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: அடுத்த சுற்றுக்கு என்னென்ன?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற திரையைச் செய்யுங்கள். இடப்பக்கம் பெரிய எழுத்தில் அடுத்த சுற்று மட்டும் இருக்கட்டும். உங்கள் கல் ஆறு தோசை கொள்ளும் என்றால் அங்கே ஆறுக்கு மேல் காட்டக் கூடாது. வலப்பக்கம் சிறிய எழுத்தில், காத்திருக்கும் மிச்சத்தின் மொத்தக் கணக்கு. மேசை எண் அவருக்கு வேண்டாம். தட்டு எடுத்து வைப்பவரின் திரைக்கு அது போகட்டும். அவருக்குத்தான் எந்தத் தோசை எந்த மேசைக்கு என்பது தேவை. ஆர்டர் ஒன்றுதான், பார்ப்பவருக்கு ஏற்றபடி இரண்டு விதமாகக் காட்டுகிறோம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒரே வகையை ஒன்றாகச் சேர்க்கும்போது, கூட்ட நேரத்தில் தனியாக வந்த ஒரு ரவா தோசை பின்னுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு சுற்றில் மசாலா, அடுத்த சுற்றிலும் மசாலா. ரவா கேட்ட பெரியவர் தண்ணீர் குடித்துக்கொண்டே காத்திருப்பார். அதனால் மிகப் பழைய ஆர்டருக்கு எப்போதும் அடுத்த சுற்றில் இடம் உறுதி. மிச்ச இடங்களில்தான் வகை சேர்க்க வேண்டும். இன்னொன்று, மாஸ்டர் ஒரு சுற்றை ஊற்றத் தொடங்கிய பிறகு அந்தப் பட்டியல் அசையக் கூடாது. புதிய ஆர்டர் வரும்போதெல்லாம் வரிசை இடம் மாறினால், மூன்றாவது வரியில் பார்த்ததை அவர் மறுபடி தேட வேண்டிவரும். கண் ஓர் இடத்தைப் பழகிவிட்டால் அந்த இடத்தை அதற்கே விட்டுவிட வேண்டும்.

கரூர் மாஸ்டர் திரைக்கு முகம் கொடுத்து நிற்கத் தொடங்கியது இந்த மாற்றத்துக்குப் பிறகுதான். உங்களவரும் நிற்பார். மாற்றும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கல் எத்தனை கொள்ளும், எதை எதோடு சேர்த்து ஊற்ற மாட்டார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். வெங்காய ஊத்தப்பத்துக்கும் நெய் ரோஸ்ட்டுக்கும் கல்லின் சூடு வேறு.

சமையலறைத் திரைக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறேன். தமிழில் காட்ட வேண்டும் என்கிறார் கடைக்காரர். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எந்த எழுத்துரு நல்லது? நீளமான பெயர்களை எப்படிச் சுருக்குவது?
(கணினி அறிவியல் மாணவி, மதுரை)

தமிழில் கேட்ட அந்தக் கடைக்காரருக்கு என் வணக்கம். ஆர்டர் சீட்டு அடிக்கும் பழைய அச்சுப்பொறிகள் பலவற்றில் ஆங்கில எழுத்து மட்டுமே உள்ளே பதிந்திருக்கும். தமிழை அச்சடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு வரியையும் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். அதனாலேயே எத்தனையோ சமையலறைகளில், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த மாஸ்டர்கள் ஆங்கிலச் சீட்டை வடிவம் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். திரைக்கு அந்தத் தடை இல்லை.

அளவுக்கு வருகிறேன். நின்று வேலை செய்பவரின் கண்ணுக்கும் திரைக்கும் இடையே உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். வசதியாகப் படிக்க, எழுத்து நம் கண்ணில் 20 கலை அளவு கோணம் பிடிக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். 60 கலை சேர்ந்தது ஒரு பாகை. 2 மீட்டர் தூரத்துக்கு இது ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் உயரம். இதை "க" போன்ற எழுத்தின் உடம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேலே கீ, டி என்று மேல்விலங்கும் சுழியும் ஏறும். கீழே கு, பூ என்று கால் இறங்கும். ஆகவே வரிக்கு வரி 25 மில்லிமீட்டராவது விட வேண்டும். 22 அங்குலத் திரையின் உயரம் சுமார் 27 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் பத்து வரி. அதற்கு மேல் அடைத்தால் ஒன்றும் படிக்க முடியாது. உரிமையாளர் "இன்னும் இடம் இருக்கிறதே" என்பார். அந்தக் காலி இடம்தான் படிக்க வைக்கிறது என்று சொல்லுங்கள்.

எழுத்துரு என்றால் நான் நோட்டோ சான்ஸ் தமிழைப் பயன்படுத்துகிறேன். இலவசம், பல தடிமன்களில் கிடைக்கிறது. எதைத் தேர்ந்தாலும் மூன்று இடங்களைச் சோதித்துப் பாருங்கள். முதலாவது புள்ளி. மெல்லிய எழுத்தில் தூரத்திலிருந்து புள்ளி கரைந்துபோகும். மிகத் தடித்த எழுத்தில் புள்ளி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். நடுத்தரத் தடிமன்தான் சரி. இரண்டாவது, "ரவா" என்று எழுதிப் பாருங்கள். முதலில் வரும் ர, கடைசியில் வரும் கால், இரண்டும் ஒரே குச்சியாகத் தெரிகிறதா? ரகரத்தின் அடிச்சாய்வு தெளிவாக இருக்கும் எழுத்துரு வேண்டும். மூன்றாவது 1, 7. இவை குழம்பினால் ஆறு தோசை வீணாகும்.

வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து வையுங்கள். கறுப்புப் பின்னணி உங்கள் மேசையில் அழகாக இருக்கும். சமையலறையில் இரண்டே நாளில் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் ஏறிவிடும். கறுப்பின் மேல் அதுவும் குழல்விளக்கின் பிரதிபலிப்பும்தான் பளிச்சென்று தெரியும், எழுத்து தெரியாது.

பெயர்ச் சுருக்கத்தில் நீங்கள் கட்டாயம் சறுக்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. "12 எழுத்துக்கு மேல் போனால் வெட்டு" என்று நிரலில் எழுதுவீர்கள். கணினிக்கு எது எழுத்து? "தோசை" நமக்கு இரண்டெழுத்து. யூனிகோடில் த, ஓகாரக் குறி, ச, ஐகாரக் குறி என்று நான்கு. "ஊத்தப்பம்" நமக்கு ஆறு, கணினிக்கு ஒன்பது. எண்ணி வெட்டினால் உயிர்க்குறி கழன்று "பூரி" "பூர" ஆகும், "வடை" "வட" ஆகும். எழுத்தெழுத்தாக எண்ணும் முறை பெரும்பாலான நிரல்மொழிகளில் ஏதோ ஒரு வடிவில் கிடைக்கிறது, தேடிப் பயன்படுத்துங்கள். அதைவிட நல்ல வழி வெட்டாமலே இருப்பது. தோசைக் கல்லின் திரையில் "தோசை" என்ற சொல்லே எதற்கு? அங்கே வருவதெல்லாம் தோசைதான். "3 மசாலா", "2 நெய்", "1 பொடி" போதும். எண் முதலில், பெரிதாக. ஒவ்வொரு பண்டத்துக்கும் பில்லில் ஒரு பெயர், சமையலறையில் ஒரு பெயர் என்று தொடக்கத்திலேயே இரண்டு இடம் ஒதுக்கிவிடுங்கள். சமையலறைப் பெயரை அங்கே வேலை செய்பவர்களிடமே கேட்டு நிரப்புங்கள்.

தொடுதிரை வாங்குவதா, சாதாரணத் திரையா? எங்கே மாட்டுவது?
(உணவக மேலாளர், தஞ்சாவூர்)

சாதாரணத் திரையும் பொத்தான் பலகையும். கைபேசியில் இருப்பது போன்ற தொடுதிரை, விரலின் மின்கடத்தும் தன்மையை உணர்ந்து வேலை செய்கிறது. மாவு ஒட்டிய கை, எண்ணெய்க் கை, கையுறை எதுவும் அதற்குப் பிடிக்காது. தண்ணீர்த் துளி தெறித்தால் அதையே தொடுகையாக எடுத்துக்கொண்டு ஆர்டரை முடித்துவிடும். பம்ப் பார் என்று ஒரு பொத்தான் பலகை விற்கிறது. பொத்தான்களுக்கு மேல் இடைவெளியில்லாத உறை இருக்கும். ஐ.பி.65 என்று குறித்திருக்கிறதா பாருங்கள். 6 என்றால் தூசி புகாது, 5 என்றால் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். இரவு கடை மூடும்போது ஈரத்துணியால் அழுத்தித் துடைக்கலாம். முழங்கையாலும் அழுத்தலாம். பரோட்டா மாஸ்டர்கள் அப்படித்தான் அழுத்துகிறார்கள்.

மாட்டும் இடம் கல்லுக்கு நேர் மேலே வேண்டாம். ஆவியும் எண்ணெய்ப் புகையும் அங்கேதான் ஏறுகின்றன. சாதாரண மானிட்டர்கள் பெரும்பாலும் 40 பாகை செல்சியஸ் வரைதான் தாங்கும்படி செய்யப்பட்டவை. மாஸ்டர் நிமிர்ந்தால் எதிரே தெரிகிற சுவரில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே, வளையும் கை வைத்து மாட்டுங்கள். திரையை இயக்கும் சிறு கணினி உள்விசிறி இல்லாததாக இருக்கட்டும். விசிறி இருந்தால் எண்ணெய்ப் புகையை உள்ளே இழுத்து, சில மாதங்களில் பிசினாக்கிவிடும்.

எங்கள் சமையலறையில் ஒடிசா, அசாம், ஜார்க்கண்ட் மாநில இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். திரையை எந்த மொழியில் வைப்பது? படங்களாகக் காட்டலாமா?
(உணவக உரிமையாளர், திருப்பூர்)

ஒரே மொழியில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. காகிதச் சீட்டு பெரும்பாலும் ஒரே மொழியில்தான் வரும். திரை அப்படியல்ல. ஆர்டர் எடுப்பவர் தமிழில் பதியட்டும். சைனீஸ் அடுப்புக்கு இந்தியிலும், பூரிச் சட்டிக்கு ஒடியாவிலும் போகட்டும். பண்டத்தின் பெயர்ப் பட்டியலில் மொழிக்கு ஒரு பத்தி சேர்த்தால் போதும்.

மொழியை நீங்களாக முடிவு செய்யாதீர்கள், ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். ஒடிசாக்காரர் என்பதால் ஒடியாதான் சரளமாகப் படிப்பார் என்று இல்லை, சிலருக்கு இந்தி எளிது. அசாமியருக்கு வங்காளப் பட்டியலைக் கொடுத்துவிடாதீர்கள். எழுத்து ஒன்று போலவே இருந்தாலும் ரகரமே வேறு வடிவம். பெயர்களையும் மொழிபெயர்க்க வேண்டாம். "ஊத்தப்பம்" எந்த மொழியிலும் ஊத்தப்பம்தான், அவர்கள் எழுத்தில் எழுதினால் போதும். "வெங்காயம் வேண்டாம்", "காரம் குறைவு" போன்ற குறிப்புகளைத்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

படம் பற்றி. புகைப்படம் உதவாது. சிறிய கட்டத்துக்குள் மசாலா தோசையும் நெய் ரோஸ்ட்டும் ஒரே பழுப்பாகத்தான் தெரியும். திருப்பூரிலேயே ஒரு கடையில், எழுதப் படிக்கத் தெரியாத ஓர் இளைஞர் கல்லில் நின்றார். அவருக்காகத் தோசை மடிக்கும் வடிவத்தையே அடையாளமாக வரைந்தோம். மசாலாவுக்கு உருளை, நெய் ரோஸ்ட்டுக்குக் கூம்பு, பொடிக்கு முக்கோணம், ஊத்தப்பத்துக்குப் புள்ளி வைத்த வட்டம். பக்கத்தில் எண். ஒரு நாள் கூட அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை. அவர் கை தினமும் செய்கிற வடிவங்கள்தானே அவை. இத்தனை வருட வேலையில் நான் மிகவும் நேசிக்கிற திரை அதுதான்.

கைபேசிச் செயலிகள் வழியாக வரும் ஆர்டரையும் மேசை ஆர்டரையும் தனித்தனித் திரையில் காட்டலாமா?
(வாசகர், திருச்சி)

வேண்டாம். மாஸ்டருக்கு ஒரே வரிசை, ஒரே திரை. ஆனால் "பார்சல்" என்ற குறி கட்டாயம் வேண்டும். கூம்பாக நிற்கும் நெய் ரோஸ்ட் பார்சல் பெட்டிக்குள் போகாது, மடித்துத்தான் எடுக்க வேண்டும். அதைச் சுட்டு முடித்த பிறகு சொன்னால், முறுகிய தோசை உடையும்.

ஒவ்வொரு ஆர்டருக்கும் நேரம் ஓடும்படியும், தாமதமானால் கட்டம் சிவப்பாகும்படியும் வைத்திருக்கிறோம். மாதக் கடைசியில் யாருக்கு எத்தனை சிவப்பு என்று பார்த்து ஊக்கத்தொகையில் கழிக்கலாம் என்று எண்ணுகிறேன். அறிக்கை எப்படி எடுப்பது?
(உணவக உரிமையாளர், சேலம்)

அந்த அறிக்கையை எடுக்க நான் உதவ மாட்டேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கழிக்கத் தொடங்கிய அடுத்த வாரமே உங்கள் திரையில் சிவப்பு மறைந்துவிடும். தோசை வேகமாக வந்ததால் அல்ல. கல்லில் மாவு ஊற்றியதுமே "முடிந்தது" பொத்தானை அழுத்தத் தொடங்கிவிடுவார்கள். தட்டு வைப்பவர் திரையைப் பார்த்துத் தோசை தயார் என்று எண்ணி வருவார், அது கல்லில் இருக்கும். அவர் கோபப்படுவார், சப்ளையர் மறுபடி வாயால் கேட்கத் தொடங்குவார். காசு போட்டு வைத்த திரை பொய் சொல்லத் தொடங்கியபின் அதை ஒருவரும் நம்ப மாட்டார்கள். இப்படி ஆனதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். சமையல்காரர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூலியைக் கழிக்கும் கடிகாரத்தை யார்தான் ஏமாற்ற மாட்டார்கள்?

தாமதம் யாருடையது என்பதும் பார்க்க வேண்டியது. நான் நின்று பார்த்த அடுப்புகளில், கல் காய்ந்திருந்தால் சாதாத் தோசை இரண்டு நிமிடத்தில் இறங்கும். ரவா தோசைக்கு நான்கைந்து நிமிடம் ஆகும். இரண்டுக்கும் ஒரே நேர எல்லை வைத்தால் ரவா எப்போதுமே சிவப்பு. கல்லில் இடமே இல்லாதபோது வந்து சேர்ந்த ஆர்டருக்கும் ஆர்டர் வந்த நொடியிலிருந்தே கடிகாரம் ஓடுகிறது. ஒரே நேரத்தில் நான்கு மேசைகளை உட்காரவைத்தது மாஸ்டர் இல்லையே.

சிவப்பைத் தகவலாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை 8 முதல் 10 வரை தொடர்ந்து சிவக்கிறது என்றால் இன்னொரு கல்லோ இன்னொரு கையோ வேண்டும் என்று பொருள். அது உங்கள் வேலை. நிறத்தோடு கூட ஓர் அடையாளமும் சேருங்கள், தடித்த கரையோ நட்சத்திரமோ. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத கண்கள் ஆண்களில் பலருக்கு உண்டு. வேலை போய்விடுமோ என்று அஞ்சி அதை அவர்கள் வெளியே சொல்வதில்லை.

கூட்டம் நெரியும் நேரத்தில் இணையம் போய்விடுகிறது. திரையை நம்பியே இருக்கலாமா?
(உணவக உரிமையாளர், நாகர்கோவில்)

இணையம் போனாலும் கடைக்குள் ஆர்டர் ஓட வேண்டும். வாங்கும்போதே ஒரு சோதனை செய்யுங்கள். விற்பவர் எதிரிலேயே இணைய வயரைப் பிடுங்கிவிட்டு ஓர் ஆர்டர் போடச் சொல்லுங்கள். கல்லாக் கணினியிலிருந்து சமையலறைத் திரைக்கு அது வந்து சேர்ந்தால் வாங்குங்கள். வராவிட்டால் வேண்டாம். திரைக்கு வை-ஃபையை நம்பாமல் கம்பி இழுத்துவிடுங்கள். சமையலறை நிறைய எவர்சில்வர், சுவரெல்லாம் தகடு. வை-ஃபை அலை அதில் மோதித் திரும்பும்.

மின்சாரம் நின்று ஜெனரேட்டர் ஏறும் சில விநாடிகளில் திரை அணைந்து எழுந்தால், பழைய ஆர்டர்கள் அப்படியே திரும்பி வர வேண்டும். சிறிய யூ.பி.எஸ். ஒன்று கட்டாயம். பழைய அச்சுப்பொறியையும் எறிந்துவிடாதீர்கள். ரிப்பன் ஓடும் பழைய வகை என்றால் இன்னும் நல்லது. வெப்பத்தாளில் அச்சடிக்கும் வகையின் சீட்டு அடுப்புச் சூட்டில் கறுத்துப்போகும்.

இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று. உறைந்துபோன திரை, ஆர்டர் வராத திரையைப் போலவே இருக்கும். எனக்கு இது வலித்துக் கற்ற பாடம். நான் செய்து கொடுத்த திரை ஒன்று, ஒரு ஞாயிறு மதியம் மூன்று ஆர்டர்களைக் காட்டியபடி அப்படியே நின்றுவிட்டது. மாஸ்டர் அந்த மூன்றையும் முடித்துவிட்டு, கூட்டம் குறைந்துவிட்டது என்று நினைத்து டீ குடிக்கப் போனார். வெளியே 20 நிமிடமாக மேசைகள் காத்திருந்தன. குழந்தைகளோடு வந்த குடும்பம் ஒன்று எழுந்து போனது. அன்று மாலையே அங்கே போய், திரையின் மேல்மூலையில் விநாடி ஓடும் கடிகாரம் ஒன்றை வைத்தேன். அது நின்றால் திரை நின்றுவிட்டது என்று பொருள். தொடர்பு அறுந்த ஐந்தாவது விநாடியில் திரை முழுவதும் மஞ்சளாகி, "இணைப்பு இல்லை, சீட்டுப் பாருங்கள்" என்று காட்டும்படியும் செய்தேன். உங்கள் திரையில் இது இல்லையென்றால், விற்றவரிடம் இன்றே கேளுங்கள்.

ஆறு மேசை வைத்த மெஸ் நடத்துகிறேன். நானும் என் மனைவியும்தான் சமையல். இந்தத் திரை எனக்குத் தேவையா?
(வாசகர், புதுக்கோட்டை)

தேவையில்லை. மேசையிலிருந்து பேசினால் அடுப்புக்குக் கேட்கிற தூரத்தில் திரை எதற்கு? அந்தப் பணத்தில் நல்ல புகைபோக்கி வையுங்கள். உங்கள் மனைவியின் கண்ணுக்கும் மூச்சுக்கும் நல்லது.

சமையலறைத் திரைக்கு முன் என்ன இருந்தது? ஆர்டர் எப்படித் திரைக்கு வந்தது?
(வாசகர், சென்னை)

திரைக்கு முன் குரல்தான். 1890இல் லண்டன் சவாய் ஓட்டலுக்குப் போன பிரெஞ்சுச் சமையல் வல்லுநர் எஸ்கோஃபியே, சமையலறையைப் பிரிவுகளாகப் பிரித்து, ஒரு தட்டுக்குப் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் முறையை நிலைநிறுத்தினார். அப்படிப்பட்ட சமையலறையில் ஆர்டரை உரக்கக் கூவ ஓர் ஆள் இருப்பார். அவருக்கான பிரெஞ்சுப் பெயரின் நேர்ப்பொருள் "குரைப்பவர்". உணவக ஆர்டரை வண்ணத் தொடுதிரையில் பதிவது 1986இல் ஜீன் மோஷர் என்ற அமெரிக்க உணவகக்காரர், அட்டாரி கணினியில் செய்து காட்டியதிலிருந்து பரவலாகத் தெரியவந்தது. கடை நடத்தியவரே செய்தார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

என் மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாது, உதடு வீங்கிவிடும். உணவகத்தில் ஒவ்வொரு முறையும் சப்ளையரிடம் சொல்கிறேன், அவரும் தலையாட்டுகிறார். ஆனாலும் ஒரு முறை தட்டில் வேர்க்கடலைச் சட்னி வந்துவிட்டது. உங்கள் திரைகளால் இதைத் தடுக்க முடியுமா?
(வாசகி, வேலூர்)

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். திரை வடிவமைப்பவர்கள் எல்லாரும் படிக்க வேண்டிய கடிதம் இது.

தவறு எங்கே நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. சப்ளையர் குறிப்பைப் பதிந்தே இருப்பார். அது தோசை மாஸ்டரின் திரைக்குப் போயிருக்கும். தோசையில்தான் வேர்க்கடலை இல்லையே, அவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. சட்னி ஊற்றுவது வேறொருவர். தட்டு வைக்குமிடத்திலோ, மேசைக்கே வாளி கொண்டுவருபவரோ. அவர் கண்ணுக்கு அந்தக் குறிப்பு போகவே இல்லை. எந்தப் பண்டத்தோடு பதிந்தார்களோ அந்த அடுப்புக்கு மட்டுமே குறிப்பு போகும்படி பல திரைகள் அமைந்திருக்கின்றன. நானும் முன்பு அப்படித்தான் அமைத்தேன். இப்போது ஒவ்வாமையை மட்டும் தனியாகப் பிரித்துவிட்டேன். "வெங்காயம் வேண்டாம்" என்பது விருப்பம், அது அந்தத் தோசைக்குக் கீழேயே நிற்கும். "வேர்க்கடலை ஒவ்வாது" என்பது அந்த மேசைக்கே உரியது. அந்தத் தட்டைத் தொடும் எல்லாத் திரைகளிலும் கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாக வரும். அதைப் பார்த்தேன் என்று ஒவ்வொருவரும் தனியாக ஒரு பொத்தானை அழுத்தாமல் ஆர்டர் நகராது. வாளி கொண்டுவருபவருக்குத் திரை கிடையாது என்பதால், அந்த மேசைக்குப் போகும் தட்டில் ஒரு மஞ்சள் வில்லை வைக்கச் சொல்கிறேன்.

திரையால் முடியாததையும் சொல்லிவிடுகிறேன். ஒரே கரண்டி இரண்டு சட்னிக்குள் போய் வந்தால் திரைக்குத் தெரியாது. கல்லில் தடவுவது கடலை எண்ணெயா என்பதும் தெரியாது. அதை நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அடுத்த முறை போகும்போது சப்ளையர் தலையாட்டியதும் விட்டுவிடாதீர்கள். பதிந்ததைத் திரும்பப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். சட்னி வைப்பது யார் என்று கேட்டு, அவரிடமும் ஒரு முறை சொல்லுங்கள். தட்டு வந்ததும், மகன் கை வைப்பதற்கு முன், "இதில் வேர்க்கடலை இருக்கிறதா?" என்று கொண்டுவந்தவரிடமே கேளுங்கள்.